நான்கு பட்டன், மறக்காத முகங்கள்: ரெட்ரோ ஆர்.பி.ஜி. வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘அண்டர்டேல்’ என்ற ஒரே விளையாட்டைத்தான் சுற்றுகின்றன. 2015 செப்டம்பரில் வெளியான ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வகை) அது. எழுத்து, நிரல், இசை மூன்றும் பெரும்பாலும் டோபி ஃபாக்ஸ் என்ற ஒருவரின் வேலை. ஓவியத்தில் பெரும்பங்கு டெமி சாங்குடையது. இன்னும் ஆடாதவர்கள் முதல் இரண்டு பதில்களைத் தாண்டிப் போய்விடுங்கள். கதை வெளியே வந்துவிடும்.

கேள்வி: நிலத்தடியில் விழுந்த ஒரு குழந்தை, வழிநெடுக அரக்கர்கள், திரையில் நான்கு பட்டன் (சண்டை, செயல், பொருள், கருணை). படம் கார்ட்ரிட்ஜ் காலத்துத் தரம்தான். ஆனாலும் டொரியல், பபைரஸ் என்ற அரக்கர்களை மறக்க முடியவில்லை. பழைய விளையாட்டு போல இருப்பதால் வரும் மயக்கமா இது?

பதில்: அந்தக் காலத்து விளையாட்டுகளைத் தொட்டே பார்க்காதவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். எனவே மயக்கம் என்று தள்ளிவிட முடியாது. பிக்செல் படம் இங்கே செலவைக் குறைத்தது, அவ்வளவே. அந்த ஆட்களை நம் மனதில் உட்கார வைத்தது சண்டையின் விதிகள்.

டொரியல் சண்டையையே எடுத்துக்கொள்வோம். அதுவரை சந்தித்த சின்ன அரக்கர்களிடம் விளையாட்டு ஒரு பாடம் நடத்தியிருக்கிறது: பேசு, அல்லது கொஞ்சம் அடித்துப் பலவீனப்படுத்து, பெயர் மஞ்சளானதும் விட்டுவிடு. இதே பழக்கத்தில் டொரியலிடம் போகிறீர்கள். பேசினால் பலனில்லை. சரி, அடித்துப் பார்ப்போம் என்று கை வைத்தால், அவருடைய உயிர் ஓரளவு குறைந்ததும் அடுத்த ஒரே அடி மிகப் பெரியதாக விழுந்து ஆளே போய்விடுகிறார். உண்மையான வழி, எந்தப் பலனும் தெரியாவிட்டாலும் ‘விட்டுவிடு’ என்பதையே இருபது தடவைக்கு மேல் விடாமல் அழுத்துவது. இன்னொரு பக்கம், உங்கள் எச்.பி. (மீதமுள்ள உயிர்) மிகவும் குறைந்தால் அவர் வீசும் தீப்பொறிகள், திரையில் உங்களைக் குறிக்கும் இதயத்தைத் தொடாமல் விலகிப் போகும். ‘உன்னைக் கொல்ல எனக்கு மனமில்லை’ என்று ஒரு வரி வசனம்கூட இல்லை. தீப்பொறி வளையும் கோணமே அதைச் சொல்லிவிடுகிறது.

தெரியாமல் கொன்றுவிட்டு, பழைய சேமிப்பைத் திறந்து இந்த முறை காப்பாற்றினீர்கள் என்று வையுங்கள். வெளியே வந்ததும் ஃப்ளவி என்ற பூ, நீங்கள் முன்பு செய்ததைச் சொல்லிக் காட்டும். சேமிப்பை மீட்டது விளையாட்டுக்கு வெளியே நடந்த காரியம் என்று நினைத்திருப்போம். அதுவும் கதைக்குள் ஒரு செயல் என்று அங்கேதான் தெரியும்.

மற்றவர்களுக்கும் இதே முறைதான். பபைரஸ் உங்களைக் கொல்லவே மாட்டான். தோற்றால் கொட்டகையில் அடைப்பான், மூன்று முறை தோற்றால் சண்டையைத் தாண்டிப் போக வழி கொடுப்பான். காவல்படைத் தலைவி அண்டைன் உங்கள் இதயத்தைப் பச்சையாக்கி நகரவிடாமல் நிறுத்துவாள். நேருக்கு நேர் நின்று மோது என்பது அவள் குணம், அதனால் அவளைக் கொல்லாமல் தப்ப ஒரே வழி ஓடுவது. அரக்கர்களின் அரசர் அஸ்கோர், சண்டை தொடங்கும் முன்பே ‘கருணை’ பட்டனை உடைத்துப் போடுவார். ஒவ்வொருவரும் மெனுவையே தன் இயல்புக்கு ஏற்றபடி வளைக்கிறார்கள்.

இந்த வித்தைக்கு முன்னோடி உண்டு. ஜப்பானில் 1994-லும் அமெரிக்காவில் 1995-லும் வந்த ‘எர்த்பவுண்ட்’டில் எச்.பி. எண் சட்டென்று இறங்காது, மீட்டர் போல உருண்டு இறங்கும். உயிர் போகும் அடி விழுந்தாலும் எண் சுழியத்தைத் தொடுவதற்குள் மருந்து கொடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். வெறும் எண்ணை வைத்துப் பதற வைக்கலாம் என்று அந்த விளையாட்டு காட்டியது. ‘அண்டர்டேல்’ அதற்கு வாரிசு.

கேள்வி: யாரையும் கொல்லாமல்தான் ஆடினேன். இருந்தும் எல்லோரும் வெளியேறும் நல்ல முடிவு வரவில்லை. எங்கே தப்பியது?

பதில்: பெரும்பாலும் தப்பு எதுவும் நடந்திருக்காது. முதல் ஆட்டத்தில் அந்த முடிவு வராது. ஒருமுறை நடுநிலை முடிவை (நல்ல முடிவும் அல்லாத, எல்லோரையும் கொல்லும் முடிவும் அல்லாத இடை முடிவு) தொட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசி வரை எல்.வி. (நிலை) 1-லும் ஈ.எக்ஸ்.பி. (கொன்றால் ஏறும் எண்) 0-லும் நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஈ.எக்ஸ்.பி. 0-க்கு மேல் இருந்தால் எங்கோ ஒரு தவளையையாவது கொன்றிருக்கிறீர்கள், புதிதாகத் தொடங்குவதுதான் வழி. சரியாக இருந்தால் வரிசை இப்படி. ஸ்னோடின் என்ற ஊரில் பபைரஸின் வீட்டு வாசலில் அவனோடு பேசி, அவன் ‘டேட்டிங்’கை முடியுங்கள். அண்டைன் துரத்தி வந்து வெப்பத்தில் மயங்கி விழும் இடத்தில் பக்கத்திலேயே தண்ணீர் இயந்திரம் இருக்கிறது; ஒரு கோப்பை எடுத்து அவள் மேல் ஊற்றுங்கள். அவசரத்தில் ஓடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பிறகு அண்டைன் வீட்டுக்குப் போய் அவளோடும் நட்பாகுங்கள். அங்கே வாசலில் பபைரஸ் காத்திருக்க வேண்டும், அதனால் அவன் விஷயம் முதலில் முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு அஸ்கோரைச் சந்தித்து நடுநிலை முடிவை அடையுங்கள். அவரை அடிப்பது இங்கே கணக்கில் வராது, வேறு வழியும் இல்லை. கடைசியில் தேர்வு கேட்கும்போது மட்டும் கொல்லாமல் விட்டுவிடுங்கள். பிறகு ‘ரீசெட்’ தொடாமல் அதே சேமிப்பைத் தொடருங்கள். அண்டைனிடமிருந்து அழைப்பு வரும். ஸ்னோடினில் அவள் தரும் கடிதத்தை ஆல்ஃபிஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடக் கதவடியில் சேர்த்து, அங்கிருந்து வரும் சந்திப்பை முடித்து, மறுபடி ஆய்வுக்கூடத்துக்குள் போனால் இதுவரை மூடியிருந்த பகுதி திறக்கும்.

ஓர் எச்சரிக்கை. எல்லோரையும் கொல்லும் பாதையை ‘சும்மா பார்க்கலாம்’ என்று முடித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் நல்ல முடிவிலும் அதன் கறை தெரியும். அந்தக் குறிப்பைச் சாதாரண சேமிப்போடு சேர்க்காமல் விளையாட்டு தனியாக வைத்துக்கொள்கிறது. அந்தப் பாதையில் தற்செயலாகப் போய்விடவும் முடியாது. முதல் பகுதியில் 20 பேர், பிறகு 16, 18, 40 என்று ஒவ்வொரு பகுதியிலும் ஆள் தீரும்வரை அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடிக் கொல்ல வேண்டும். அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைத்தது.

கேள்வி: முழுத் திரையில் வைத்தால் பிக்செல்கள் மங்கலாகவும் சில இடங்களில் கோணலாகவும் தெரிகின்றன. கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இது பெருக்கல் கணக்கு. ‘அண்டர்டேல்’ சாளரம் 640×480. 1080 வரி உள்ள திரையில் நிரப்பினால் 2.25 மடங்கு. சில பிக்செல் இரண்டு வரியும் சில பிக்செல் மூன்று வரியும் எடுத்துக்கொள்ளும், அதுதான் கோணல். அதை மறைக்க மென்மையாக்கினால் மங்கல். கார்டின் அமைப்பில் ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ (முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்குவது) இருந்தால் போடுங்கள். படம் 1280×960-ல் கூர்மையாக நிற்கும், சுற்றிலும் கறுப்புப் பட்டை வரும். பட்டை உறுத்தினால் விளக்கை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

சொந்தமாக விளையாட்டு செய்பவர்கள் 320×180 என்று தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. 4 மடங்கு 720, 6 மடங்கு 1080, 8 மடங்கு 1440, 12 மடங்கு 2160. எஞ்சினில் படத்தின் ஃபில்டரை ‘நியரஸ்ட்’ என்று வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். ஆறு பாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் பின்கதை எழுதி வைத்திருக்கிறேன். ஆடிப் பார்த்த நண்பர்கள் ‘எல்லோரும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள்’ என்கிறார்கள்.

பதில்: பின்கதைக் கோப்பை மூடி வையுங்கள். ஆடுபவர் கண்ணுக்கு அது வரப்போவதில்லை. அவர் முன்னால் இருப்பது மூன்று வரிப் பெட்டி ஒன்று.

முதல் வேலை: பெயர்களை மறைத்துவிட்டு ஆறு பேரின் வசனத்தையும் கலைத்துப் போட்டுப் படியுங்கள். யார் பேசுவது என்று தெரியாத வரிகளைக் குறித்து வைத்து, அவற்றை மட்டும் திருத்துங்கள். திருத்தும்போது குணத்தை விவரிக்காதீர்கள், பேசும் முறைக்கு ஒரு கட்டுப்பாடு போடுங்கள். ஒருத்தி கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வாள். இன்னொருவர் எந்த வாக்கியத்தையும் ஐந்து சொல்லுக்கு மேல் நீட்டமாட்டார். மூன்றாவது ஆள் எதிராளி சொன்ன கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டே தொடங்குவார். கட்டுப்பாடு இறுகினால் குரல் தானாக வரும். ‘அண்டர்டேல்’ விளையாட்டின் சான்ஸும் பபைரஸும் அண்ணன் தம்பிதான். ஆனால் ஒருவன் முழுக்கச் சின்ன எழுத்தில் காமிக் சான்ஸ் எழுத்துருவில் பேசுவான், மற்றவன் முழுக்கப் பெரிய எழுத்தில் பபைரஸ் எழுத்துருவில் கத்துவான். பெயரும் அங்கிருந்தே வந்தது.

இரண்டாவது, ஒலியும் வேகமும். எழுத்து விழும்போது ஒலிக்கும் ‘பிப்’ ஒலியை ஆளுக்கொன்றாக வையுங்கள். ஒவ்வோர் ஒலியும் 40 முதல் 60 மில்லிவினாடி போதும். எழுத்துக்கு எழுத்து ஒலித்தால் காது வலிக்கும், இரண்டு எழுத்துக்கு ஒன்று ஒலிக்கட்டும். சுருதியை 5 சதவீதம் வரை மேலும் கீழும் ஆட விடுங்கள், இயந்திரத்தனம் போகும். சாதாரண வேகம் வினாடிக்கு 30 எழுத்து. தயங்கும் பாத்திரத்துக்கு 15 வையுங்கள். காற்புள்ளியில் 0.15 வினாடி, முற்றுப்புள்ளியில் 0.3 வினாடி நிறுத்தம். நகைச்சுவை வரி விழாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த நிறுத்தம் இல்லாததுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆறு பேரில் இரண்டு பேருக்காவது விதியை உடைக்கும் உரிமை கொடுங்கள். டோபி ஃபாக்ஸின் இன்னொரு விளையாட்டான ‘டெல்டாரூன்’ முதல் அத்தியாயத்தில் சூசி என்ற பாத்திரம் உங்கள் குழுவில் சேர்ந்த பிறகும் உங்கள் கட்டளையைக் கேட்கமாட்டாள், தன் பாட்டுக்கு எதிரியை அடிப்பாள். எதிரியைக் காப்பாற்ற வேண்டுமானால் அவனை நீங்கள் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். ‘சூசி முரட்டுப் பெண்’ என்று யாரும் விளக்கத் தேவையே இல்லாமல் போகிறது. கடைசியில் அவளுடைய முறை மெனுவில் உங்கள் கைக்கு வரும்போது, அந்தப் பட்டனே ஒரு நட்பாகத் தெரிகிறது.

கேள்வி: ஆடுபவரின் முடிவுகளுக்கு ஏற்பக் கதை மாற வேண்டும் என்று ஆசை. பத்துத் தேர்வுகள் வைத்தேன். கிளைகள் கட்டுக்கடங்காமல் போய்விட்டன.

பதில்: பத்து ஆம்-இல்லை என்றால் 1,024 சேர்க்கை. எந்த ஒற்றை ஆளாலும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம்.

கதையைக் கிளைக்க விடாமல் வரியைக் கிளைக்க விடுங்கள். ஒவ்வொரு தேர்வும் ஒரு ஸ்விட்சை (ஆம்-இல்லை என்று நினைவில் நிற்கும் குறி) மட்டும் போடட்டும். பிறகு வரும் காட்சிகள் எல்லோருக்கும் ஒன்றே; அதற்குள் அந்த ஸ்விட்சைப் பார்த்து மாறும் வரி இரண்டோ மூன்றோ இருந்தால் போதும். மாறும் வரி உடனே ஒன்றும், நன்றாகத் தள்ளி இன்னொன்றும் வர வேண்டும். தள்ளி வருவதுதான் ‘இது ஞாபகம் வைத்திருக்கிறதே’ என்ற அதிர்ச்சியைத் தரும். முடிவுக்கு ‘அண்டர்டேல்’ செய்ததைக் கவனியுங்கள்: நடுநிலை முடிவு பெரும்பாலும் ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சு. யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைப் பொறுத்து அதன் துண்டுகள் மாறும். பின்னணிப் படம் தேவையில்லை, நடிப்பு தேவையில்லை, எழுத்து மட்டும்தான் செலவு. கஞ்சத்தனத்தில் பிறந்த அருமையான உத்தி.

மீட்டுத் திறந்தாலும் நினைவிருக்க வேண்டிய செய்திகளைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். அதை ஆடுபவர் சேமிக்கும்போது எழுதாமல், சம்பவம் நடந்த அதே நொடியில் எழுத வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்: ஆடுபவர் சேமிக்காமல் வெளியேறினால் குறிப்பும் சேர்ந்து போய்விடும், ஃப்ளவி வித்தை வேலை செய்யாது. ஸ்விட்சுக்குப் பெயர் வைக்கும்போது ‘ஸ்விட்ச் 47’ என்று விடாமல் ‘தச்சர்-உயிரோடு’ என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து 47 யார் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: 16×16 பிக்செலில் ஆளை வரைந்தால் எல்லாம் ஒரே பொம்மையாக இருக்கிறது. 32×32 போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் வேலை நான்கு மடங்கு. அதற்கு முன் ஒரு சோதனை: எல்லா ஆட்களையும் முழுக் கறுப்பாக நிரப்பி வரிசையாக வையுங்கள். நிழலை வைத்து ஆளைச் சொல்ல முடியவில்லை என்றால் 32×32-லும் இதே கதைதான். 16 வரியில் தலைக்கே 8 அல்லது 9 வரி கொடுங்கள். கொம்பு, குடுமி, தொப்பி, கூன் என்று நிழலை மாற்றும் ஒன்று ஆளுக்கொன்று போதும். நிண்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். விளையாட்டு இயந்திரத்தில் ஓர் உருவத் துண்டுக்கு ஒளிபுகும் நிறம் போக மூன்றே நிறம். அந்தக் கட்டுப்பாட்டை நீங்களாக ஏற்றுக்கொண்டால் கை தேவையில்லாததை வரையாது.

நடைக்கு நான்கு திசை, திசைக்கு மூன்று படம் என்றால் ஆளுக்கு 12 படம். இடது பக்கத்தைத் திருப்பி வலதாக்கினால் 9. மிச்சமாகும் நேரத்தை முகப் படங்களில் போடுங்கள். ‘அண்டர்டேல்’ உரையாடல் முகங்கள் கறுப்பு வெள்ளைதான், ஆனால் முகபாவங்கள் ஏராளம். செய்யவே கூடாதது ஒன்று: 16×16 ஆளை இருமடங்கு பெரிதாக்கி, பெரிதாக்காத மரத்தின் பக்கத்தில் நிறுத்துவது. இரண்டு அளவுப் பிக்செல் ஒரே திரையில் வந்தால் பழைய சாயல் அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: வசனத்தைத் தமிழில் வைத்தேன். எழுத்து ஒவ்வொன்றாக விழும்போது கொம்பும் காலும் தனித்தனியே புள்ளி வட்டத்தோடு விழுகின்றன.

பதில்: கணினி எண்ணும் எழுத்தும் நாம் எண்ணும் எழுத்தும் வேறு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஏழு. ‘கொ’ இரண்டு. ஆர்.பி.ஜி. மேக்கர் எம்.வி. அந்த ஏழையும் ஒன்றொன்றாக எடுத்துத் தனியே வரைகிறது. புள்ளி தனியாகப் போனால் ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காமல் புள்ளி வட்டம் வருகிறது.

இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். ஒன்று, வரியை முன்கூட்டியே கொத்துகளாக வெட்டுங்கள்: ஓர் எழுத்துக்குப் பின் ‘ா’ முதல் ‘்’ வரை எந்தக் குறி வந்தாலும் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிட வேண்டும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் விதிவிலக்காகக் கையால் சேருங்கள், இல்லாவிட்டால் ‘க்’ என்று காட்டிவிட்டுச் சட்டென்று உருமாறும். இரண்டு, புதிய எழுத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டாமல், வரியின் தொடக்கத்திலிருந்து இதுவரை உள்ள முழுத் துண்டையும் ஒவ்வொரு முறையும் அழித்து வரையுங்கள். இவ்வளவு சின்ன எழுத்துக்கு வேகம் குறையாது. ஒலியையும் வினாடிக் கணக்கையும் இந்தக் கொத்துகளை வைத்தே எண்ணுங்கள்.

கோடோ என்ற விளையாட்டு எஞ்சினின் 4-ம் பதிப்பில் வேலை குறைவு. ரிச்டெக்ஸ்ட்லேபில் என்ற எழுத்துப் பெட்டியில் எழுத்தை எண்ணும் முறையை ‘கேரக்டர்ஸ் ஆஃப்டர் ஷேப்பிங்’ என்று மாற்றினால் போதும். கோடோ 3-ல் இந்த வசதி கிடையாது, அதில் போராடாதீர்கள்.

எழுத்துருவுக்கு உயரம் தாராளமாக விடுங்கள். 8 பிக்செலில் ஆங்கிலப் பெரிய எழுத்து அழகாக நிற்கும். ‘ணூ’வும் ‘ஞி’யும் நசுங்கிவிடும். 16-க்குக் கீழே போகாமல், வரிக்கு எழுத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: இசை தெரியாதவன் என்ன செய்வது?

பதில்: முக்கியமான ஒருவருக்கு மட்டும் நான்கைந்து சுரத்தில் ஒரு மெட்டைப் போட்டு, அதையே அவர் வரும் இடமெல்லாம் வேகத்தையும் வாத்தியத்தையும் மாற்றிப் பயன்படுத்துங்கள். ‘அண்டர்டேல்’ இசைத்தொகுப்பில் 101 துண்டுகள் இருந்தாலும் பல துண்டுகள் ஒரே மெட்டுகளைப் பகிர்ந்துகொள்பவைதான். பழைய என்.இ.எஸ். ஒலி வேண்டுமென்றால் இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் தடம் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். முக்கோணம் பேஸுக்கு, இரைச்சல் தாளத்துக்கு.

கேள்வி: அடுத்து எதை ஆடலாம்? சண்டை இல்லாததும் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: சண்டை ஏறக்குறைய இல்லாதது 2011-ல் வந்த ‘டு தி மூன்’. மரணப் படுக்கையில் இருப்பவரின் நிலவாசையை நிறைவேற்ற இரண்டு மருத்துவர்கள் அவர் நினைவுக்குள் போகிறார்கள். ஆர்.பி.ஜி. மேக்கரில் செய்தது, ஓரிரு மாலையில் முடியும்.

2020-ல் வந்த ‘ஓமோரி’யில் கோபம், சோகம், மகிழ்ச்சி மூன்றும் ஒன்றை ஒன்று வெல்லும் சுற்று, கூட்டாளியை வேண்டுமென்றே சோகமாக்கிச் சண்டை போடுவீர்கள். தற்கொலையும் மன அழுத்தமும் கதையின் மையம், அந்த மனநிலையில் இருப்பவர்கள் தள்ளி வைக்கலாம். ‘டெல்டாரூன்’ முதல் இரண்டு அத்தியாயம் இலவசம். மூன்றும் நான்கும் 2025 ஜூனில் வந்தன. பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி. ருசி, ஆனால் கூடவே வரும் அலுப்பு வேண்டாம் என்பவர்களுக்கு 2022-ன் ‘செயின்ட் எகோஸ்’ (Chained Echoes). ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எச்.பி. தானாக நிரம்பிவிடும். ஆட்களைப் பொறுத்தவரை நான்கில் அதுதான் கொஞ்சம் வெளிறியது.

கேள்வி: வசனத்தைத் தாண்டும் பட்டன் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று பயமாக இருக்கிறது. வைக்காமல் விடலாமா?

பதில்: வைக்காவிட்டால் இரண்டாம் முறை ஆட யாரும் வரமாட்டார்கள். முதல் அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் வரியை முழுதாகக் காட்டட்டும், இரண்டாவது அழுத்தம் அடுத்த பெட்டிக்குப் போகட்டும். தேர்வுப் பெட்டி வரும் இடத்தில் மட்டும் 0.3 வினாடி எந்தப் பட்டனையும் ஏற்காதீர்கள். வேகமாகத் தட்டிக்கொண்டு வருபவர் ‘ஆம், கொன்றுவிடு’ என்பதையும் சேர்த்துத் தட்டிவிடுவது அங்கேதான். முக்கியமான தேர்வில் அம்புக்குறி எந்தப் பக்கமும் நிற்காமல் நடுவில் தொடங்கட்டும். இடமோ வலமோ நகர்த்தினால்தான் தேர்வு ஏற்கப்படும் என்று வைத்துவிடுங்கள்.